வாய் திறக்கட்டும் வகுப்பறை!

தோழனே!

வட்டம் என்றால் என்ன? இந்தக் கேள்வியை உன்னிடம் கேட்டால், நீ உடனே வட்டச் செயலாளரை நினைப்பாய். வட்டக் கூட்டத்தை நினைப்பாய். சென்ற தேர்தலில் நம் வட்டத்தில் விழுந்த வாக்குகளை விரல் மடக்கி எண்ணிக் காட்டுவாய். நெய்வேலி நகரியத்திலே வாழும் தொழிலாளத் தோழனைக் கேட்டுப் பார். "எங்கள் வீடு பதினோராவது வட்டத்தில்" என்பான். அவன் சொல்லும் வட்டம், நேர் நேராக ஓடும் சாலைகளுக்கு நடுவே வகுத்து வைக்கப்பட்ட குடியிருப்பு. பெயர்தான் வட்டம், வடிவம் வட்டமன்று! அவன் மகளைக் கேள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். கரும்பலகையில் அழகாக வட்டம் வரைவாள். மையம் குறிப்பாள், ஆரம் குறிப்பாள், விட்டம் குறிப்பாள். "இவை என்ன அம்மா? உன் வாயால் சொல், கேட்போம்" என்று கேட்டுப் பார். தலை தாழும், இதழ் ஒட்டிக்கொள்ளும். கை எழுதியதை வாய் சொல்ல மறுக்கும்.

ஏன் மறுக்கிறது? அறிவு இல்லாமலா? இல்லை, தோழனே! அவள் பள்ளிக்குச் சென்ற நாள் முதலாய்க் கணக்கு வகுப்பிலே அவளைப் பேச விட்டவர் எவருமில்லை. "கையைக் கட்டு, வாயைப் பொத்து, பலகையைப் பார்" என்றே பழக்கிவிட்டோம். தமிழ் வகுப்பில் பேசலாம். வரலாற்று வகுப்பில் ஓரளவு பேசலாம். கணக்கு வகுப்பில் சுண்ணக்கட்டி ஒன்றுதான் பேசும்!

இந்த ஊமை வகுப்பறையைப் பற்றித்தான் இந்த ஞாயிறு உன்னோடு பேச விழைகிறேன். "என்ன இது, தேர்தல் பற்றி எழுதுவான், தில்லியின் திமிர் பற்றி எழுதுவான் என்று பார்த்தால், வாய்ப்பாடு பற்றி எழுதுகிறானே!" என்று முகம் சுளிக்காதே. கடைசி வரை கேள். இதுவும் அரசியல்தான், அடிப்படை அரசியல்!

நாம் யார்? நாட்டுக்குச் சொற்களைக் கொடுத்தவர்கள்! ஒரு காலத்திலே கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அக்கிராசனர். இன்று அவர் தலைவர். தேர்தலில் நின்றவர் அபேட்சகர், இன்று வேட்பாளர். காரியதரிசி செயலாளரானார், பொக்கிஷதார் பொருளாளரானார், மந்திரி அமைச்சரானார், நமஸ்காரம் வணக்கமாயிற்று. இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது? அகராதி அச்சிட்டு வீட்டுக்கு வீடு வழங்கினோமா? அறிஞர் குழு அமைத்து ஆணை பிறப்பித்தோமா? இல்லை! மேடை போட்டோம், ஒலிபெருக்கி கட்டினோம், நாடகம் நடத்தினோம். முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடுகளை உரக்கப் படிக்க வைத்தோம். சொல் செவியில் விழுந்தது, செவியிலிருந்து வாய்க்கு வந்தது, வாயிலிருந்து வாழ்வுக்குப் போயிற்று. ஏட்டிலே பிறந்த சொல் நாவிலே நடந்தால்தான் நாட்டிலே நிலைக்கும் என்பதை நம் இயக்கத்தைவிட நன்கறிந்தவர் யார்?

அந்தப் பாடத்தைக் கணக்கு வகுப்புக்கு நாம் கொண்டு போகவில்லை. அங்கேயும் அரிய தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. க்ஷேத்திர கணிதம் வடிவியல் ஆயிற்று. பீஜகணிதம் இயற்கணிதம் ஆயிற்று. சமன்பாடு, பகா எண், நிகழ்தகவு, பல்லுறுப்புக்கோவை, நாற்கரம், சரிவகம் என்று பாடநூல் முழுவதும் அணிவகுத்து நிற்கின்றன. ஆனால் அவை அச்சிலேயே நிற்கின்றன, மேடை ஏறவில்லை.

அச்சொற்கள் எவ்வளவு அழகானவை என்பதைப் பார். வட்டத்தின் சுற்றிலே ஒரு துண்டை எடுத்தால் அது வில். வில்லின் இரு முனைகளையும் இணைக்கும் கோடு நாண். வண்டிச் சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு நீளும் ஆரக்கால்தான் ஆரம். வீட்டுச் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் விட்டம், வட்டத்துக்குள்ளும் குறுக்கே கிடக்கிறது. புள்ளிவிவரத்திலே அதிக முறை வந்த மதிப்புக்கு முகடு என்று பெயர். ஆம், கூரையின் உச்சிதான்! தமிழன் தன் வீட்டையும் வில்லையும் வண்டியையும் கொண்டுபோய்க் கணக்குக்குள் வைத்திருக்கிறான். இதை எந்தப் பிள்ளைக்காவது யாராவது எடுத்துச் சொன்னார்களா? சொன்னால் மறக்குமா?

சொற்களிலே வழுக்குப் பாறைகளும் உண்டு. தொகுதி என்றால் உனக்குத் தேர்தல் தொகுதி. பிள்ளைக்கோ பின்னத்தின் மேலே நிற்கும் எண். அணி என்றால் உனக்கு இளைஞரணி, மாணவரணி. பிள்ளைக்கோ வரிசை வரிசையாக எண்கள் நிற்கும் கட்டம். பின்னமான சிலை என்று ஊரிலே சொல்வார்கள், உடைந்து போனது என்ற பொருளில். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பின்னம் என்றால் ஏதோ கெட்டுப்போன எண் என்று எண்ணாதா? பெருக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் 'பெருகும்' என்று நினைக்கிறது பிள்ளை. ஆனால் அரையை அரையால் பெருக்கினால் கால்தானே வருகிறது! பெருக்கினேன், ஏன் குறைந்தது என்று அது திகைக்கிறது. திகைப்பை வாய்விட்டுச் சொன்னால் ஆசிரியர் தீர்ப்பார். வாய் திறக்காத திகைப்பு வெறுப்பாகிறது, வெறுப்பு அச்சமாகிறது, அச்சம் "எனக்குக் கணக்கு வராது" என்ற ஆயுள் தண்டனையாகிறது!

இன்னொன்று கேள். "12-இலிருந்து 5-ஐக் கழி" என்றால் விடை 7. "12-ஐ 5-இலிருந்து கழி" என்றால் விடை குறை 7. எண்கள் அவையே, வினையும் அதுவே. உருபு இடம் மாறியதும் உலகமே தலைகீழ்! "பத்துக்கு மிகாமல்", "பத்துக்குக் குறையாமல்", "ஏதேனும் ஒன்று", "ஒவ்வொன்றும்" என்ற சின்னஞ்சிறு சொற்களில்தான் வினாத்தாளின் கண்ணிகள் இருக்கின்றன. கணக்கு என்பது எண்களும் குறிகளும் மட்டுமே, மொழிக்கு அங்கே என்ன வேலை என்போர் இந்த ஒரு எடுத்துக்காட்டுக்கு விடை கூறட்டும். 1974-இல் நைரோபி நகரிலே, ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தின் சார்பில் மொழியும் கணிதக் கல்வியும் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. மொழியியல் அறிஞர் ஹாலிடே அங்கே சொன்னதும் இதைத்தான்: கணிதத்துக்கென்று ஒரு மொழி வழக்கு உண்டு, அதை ஒவ்வொரு மொழியும் தனக்குள் வளர்த்துக்கொள்ள முடியும், தனிச் சொற்கள் மட்டுமல்ல, சொல்லும் முறையும் அதில் அடக்கம்.

"தமிழுக்கு அந்த ஆற்றல் இல்லையே!" என்று உதட்டைப் பிதுக்கும் கனவான்களுக்கு வரலாறு தெரியாது. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. வீசம் 16-இல் ஒன்று. அரைக்கால், கால், அரை, முக்கால் என்று ஏறிக்கொண்டே போகும் பின்னப் படிக்கட்டு, உலகில் எத்தனை மொழிக்கு உண்டு? திண்ணைப் பள்ளியிலே எண்சுவடியை ஒரு பிள்ளை முன்னே சொல்ல, மற்றப் பிள்ளைகள் பின்னே முழங்கினர். கணக்கு அன்று குரலிலே இருந்தது. ஆனால், தோழனே, பழமை என்றதும் பரவசப்படும் பழக்கம் நமக்கில்லை. அந்தத் திண்ணையிலே ஏறி உட்கார எல்லாச் சாதிக்கும் உரிமை இருந்ததா? அங்கே முழங்கிய குரல் நெட்டுருக் குரல். 'ஏன்' என்று கேட்கும் குரலன்று. அந்த ஒலியை எடுத்துக்கொள்வோம்; அந்தத் தடையைத் தகர்ப்போம்; நெட்டுருவுக்குப் பதில் விளக்கத்தை வைப்போம்!

1855-ஆம் ஆண்டிலே, சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு இரண்டாண்டு முன்னதாகவே, யாழ்ப்பாணத்தில் கரோல் விசுவநாதபிள்ளை 'வீசகணிதம்' என்ற பெயரில் இயற்கணித நூலைத் தமிழில் அச்சேற்றினார். 1916-இல் சேலத்திலே இராசாசியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள். ஆம், அதே இராசாசிதான். 1938-இல் பள்ளிகளில் கட்டாய இந்தியைப் புகுத்திய அதே பெரியவர்தான்! அதே 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற் பட்டியலை வெளியிட்டது. 1940-இல் அன்றைய அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் கலைச்சொற் குழு அமைத்தபோது, வடமொழிக் குவியலை எம் பிள்ளைகள் தலையில் ஏற்றாதே என்று தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். இன்று நம் பிள்ளை 'சமன்பாடு' என்று எழுதுகிறானே, அந்தச் சொல்லுக்குப் பின்னே இத்தனை போர் நடந்திருக்கிறது.

மேல்நாட்டைப் பார் என்பார்கள், பார்ப்போம்! ஆலந்து நாட்டிலே சைமன் ஸ்டெவின் என்றொரு அறிஞன், பதினாறாம் நூற்றாண்டிலே. புலவர் மொழி இலத்தீன் கோலோச்சிய நேரம். அவனோ, கடையிலே கணக்குப் பார்க்கும் வணிகனுக்கும் நிலம் அளப்பவனுக்கும் விளங்கும்படி, 1585-இல் பதின்மக் கணக்கு பற்றிய சிறு நூலைத் தன் தாய்மொழியிலே எழுதினான். கணிதக் கருத்துகளுக்குத் தன் மொழிச் சொற்களைத் தேடித் தேடி நிறுவினான். ஐரோப்பாவின் பெரும்பகுதி கிரேக்கச் சொல்லின் சாயலிலே கணிதத்தை அழைக்க, டச்சுக்காரன் இன்றும் தன் சொந்தச் சொல்லால் அழைக்கிறான். அதனால் அவன் அறிவியலில் பின்தங்கிப் போனானா? கடலைப் பின்னுக்குத் தள்ளி நிலம் மீட்டவனல்லவா அவன்!

சரி, சொல் நாவிலே வாழாவிட்டால் என்ன கேடு? 2018-ஐ நினைத்துப் பார். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழை என்று வழக்குப் போயிற்று. வினாவுக்கு 4 மதிப்பெண் வீதம் 196 மதிப்பெண் வழங்குக என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு சூலையில் ஆணையிட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கிவிட்டது. பிழை செய்தவன் பெருமூச்சு விட்டான், பிள்ளைகள் கண்ணீர் விட்டார்கள். தமிழ்க் கலைச்சொல் என்பது எங்கோ நாலு பேர் அறைக்குள் அமர்ந்து ஒட்டுப்போடும் பொருள் என்ற இளக்காரம் இருப்பதால் அல்லவா இத்துணிவு வந்தது? தெருவிலே நடமாடும் சொல்லைத் தவறாக அச்சடித்துப் பார்க்கட்டும்! 'வேட்பாளர்' என்பதைத் தவறாக அச்சடித்தால் விடிவதற்குள் ஊரே சிரிக்கும். 'வகைக்கெழு' என்பதைத் தவறாக அச்சடித்தால் சிரிக்க யார் இருக்கிறார்கள்? கல்லூரியைப் பாதியிலே விட்டு மேடைக்கு வந்தவன் நான். அந்தச் சொல்லை வினாத்தாளிலே பார்த்திருக்கிறேன். ஒரு மனிதன் வாயிலிருந்து அது பிறந்து நான் கேட்டதில்லை.

இனி மருந்துக்கு வருவோம். பெரிய செலவில்லை, பெரிய கட்டடம் வேண்டாம். ஆங்கிலத்திலே பாட்காஸ்ட் என்கிறார்கள். தமிழிலே வலையொலி என்று பெயர் வழங்கிவிட்டது. குரலைப் பதிவு செய்து, வேண்டும்போது வேண்டுவோர் கேட்கும்படி வைப்பது, அவ்வளவே. நாட்டிலே நாற்சந்தி தோறும் வலையொலி நடக்கிறது. நடிகர் பேசுகிறார், வணிகர் பேசுகிறார், சோதிடரும் பேசுகிறார்! கணக்குப் படிக்கும் பிள்ளை பேசக் கூடாதா?

முறை இதுதான். வாரத்துக்கு ஒரு சொல். இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழு. மூன்று நிமிடப் பேச்சு. அந்தச் சொல்லுக்கு ஊரிலே என்ன பொருள், கணக்கிலே என்ன பொருள், தம் தெருவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு, எது அச்சொல்லுக்குள் அடங்காது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, கடைசியில் கேட்போருக்கு ஒரு புதிர். ஆசிரியரின் கைப்பேசியிலே பதிவு. அடுத்த நாள் வகுப்பு முழுவதும் கேட்கும். "பகா எண் எல்லாம் ஒற்றைப்படை" என்று ஒரு பிள்ளை துணிந்து கூறும். "இரண்டை மறந்தாயே!" என்று மற்றொரு பிள்ளை மடக்கும். திருத்தி மறுபடி பதிவு செய்வார்கள். தேர்வுத்தாளிலே மறைந்து கிடக்கும் தவறு, குரலிலே தலைநீட்டும், தலைநீட்டினால்தானே பிடிக்கலாம்!

இரண்டு நிபந்தனை உண்டு. கையிலே தாள் இருக்கக் கூடாது. வழிகாட்டி நூலை வாசித்தால் அது வலையொலியன்று, கிளியொலி! மற்றொன்று, பிள்ளையின் முகமும் பெயரும் ஊரறிய வேண்டியதில்லை. பதிவு பள்ளிக்குள்ளேயே உலவட்டும். முகம் தெரியாது என்பதாலேயே, கடைசி வரிசையில் கூசி உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளை முதன்முதலாக வாய் திறப்பாள்.

நெய்வேலியை எடுத்துக்கொள். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்திலே நீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் கண்டார்கள். 1956-இல் நிறுவனம் பிறந்தது. 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி முகம் காட்டிற்று. 1962-இல் மின்சாரம் பிறந்தது. பல கிராமங்கள் தம் வயலையும் வாசலையும் கொடுத்தன. இன்று சுரங்க விளிம்பிலே நின்று பார்த்தால், படிப்படியாக இறங்கும் மண்சுவர், வாளிகள் பூட்டிய மாபெரும் சக்கர இயந்திரம், கல் தொலைவு ஓடும் கன்வேயர் பட்டை. ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கனமீட்டருக்கும் மேலான மேல்மண்ணை அகற்ற வேண்டும். கீழேயிருந்து மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைக்க வேண்டும். விகிதம், கனஅளவு, அழுத்தம், சாய்வு! இந்தச் சொற்களுக்கு இதைவிடப் பெரிய கரும்பலகை உலகிலே எங்கே உண்டு?

மந்தாரக்குப்பத்துப் பிள்ளைகள் மூவர் 'சாய்வு' என்ற சொல்லை எடுத்துப் பேசுவதாக வைத்துக்கொள். "எவ்வளவு உயரம் ஏறுகிறது, அதற்குள் கிடையாக எவ்வளவு நகர்கிறது, முன்னதைப் பின்னதால் வகுத்தால் சாய்வு" என்பான் ஒருவன். "சுரங்கச் சுவரின் சாய்வு கூடினால் என்ன ஆகும்?" என்பாள் ஒருத்தி. "மண் சரியும்; கீழே நிற்கும் தொழிலாளிக்கு ஆபத்து." "குறைந்தால்?" "அடித்தளம் அதே அளவுதான். ஆனால் மேலே குழியின் வாய் அகலும். அகன்றால் இன்னும் சில ஏக்கர் வயலைக் குழி விழுங்கும்!" பார்த்தாயா, தோழனே! ஒரே ஒரு கணக்குச் சொல். அதற்குள் தொழிலாளியின் உயிரும் இருக்கிறது, உழவனின் நிலமும் இருக்கிறது.

இன்னும் நெருங்கிப் பார். நிலம் கையகப்படுத்துவதற்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீட்டை எப்படிக் கணக்கிடச் சொல்கிறது? அண்மைய மூன்று ஆண்டுகளின் விற்பனைப் பத்திரங்களிலே விலை மிகுந்த பாதியை எடுத்து, அவற்றின் சராசரியைக் காண வேண்டும். நாட்டுப்புறமானால் அதற்கு ஒரு மடங்கு எண் உண்டு. அதற்கு மேல் 100 விழுக்காடு ஆறுதல் தொகை. சராசரி, மடங்கு, விழுக்காடு மூன்றும் நடுநிலைப் பள்ளிச் சொற்கள்! நான்கு பத்திரங்கள்: ஏக்கர் 2 இலட்சம், 4 இலட்சம், 6 இலட்சம், 8 இலட்சம் என்று வைத்துக்கொள். எல்லாவற்றுக்கும் சராசரி பார்த்தால் 5 இலட்சம். சட்டம் சொல்லும் மேல்பாதிக்குப் பார்த்தால் 7 இலட்சம். ஏக்கருக்கு 2 இலட்சம் வேற்றுமை! அதிகாரி நீட்டும் தாளிலே எந்தச் சராசரி இருக்கிறது என்று கேட்கத் தெரிந்த பிள்ளை வீட்டிலே ஒன்று இருந்தால், அந்தத் தந்தை கைநாட்டு வைக்குமுன் ஒரு கணம் நிற்பான். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இதோ வருகிறார் கனவான். வெள்ளை வேட்டி, தங்க விளிம்புக் கண்ணாடி. நாடகக்காரன் நான், அவரை மேடை ஏற்றாமல் விடுவேனா?

கனவான்: மேல்படிப்பெல்லாம் ஆங்கிலத்திலே. 'விகிதம்' என்று படித்து என்ன பயன்? நேரே 'ரேஷியோ' என்று படித்துவிட்டால் போகாதா?

தோழன்: ஐயா, ரேஷியோ என்றால் என்ன?

கனவான்: ரேஷியோ என்றால்... அதுதான், ரேஷியோ!

தோழன்: இதுதான் ஐயா நோய்! பொருள் விளங்கிய பிள்ளைக்குப் பெயர் இரண்டு இருந்தால் சுமையில்லை. பொருளே விளங்காத பிள்ளைக்கு எந்தப் பெயரும் சுமைதான். எங்கள் பிள்ளைகள் தமிழிலே விளக்குவார்கள். முடிக்கும்போது ஆங்கிலப் பெயரையும் சொல்வார்கள். இரண்டு மொழி போதும் என்பது எங்கள் கொள்கை. ஒன்றைக் கொன்று மற்றொன்றை வளர்ப்பதல்ல!

கனவான்: பாடத்தை முடிக்கவே நேரமில்லை. இதற்கெங்கே நேரம்?

தோழன்: முடிப்பது பாடத்தையா, பிள்ளையையா? வாரத்துக்கு ஒரு வகுப்பு வேளை கேட்கிறோம். அதே வாய்ப்பாட்டை ஆண்டுக்கு ஆண்டு மறுபடி நடத்தும் நேரம் அதனால் மிஞ்சும்.

கனவான்: கைப்பேசி பிள்ளைகளைக் கெடுக்கும்.

தோழன்: கேட்டுக்கொண்டே இருப்பவனை அது கெடுக்கும். பேசுகிறவனை அது வளர்க்கும். பேனா பொய்க் கையெழுத்தும் போடும். ஆகவே பேனாவைத் தடை செய்வோமா?

கனவான் கண்ணாடியைத் துடைக்கிறார். திரை விழட்டும்; நாம் நம் பேச்சுக்கு வருவோம்.

நம்மைச் சுற்றிலும் ஒலிக்கருவிக்குப் பஞ்சமில்லை. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டபோது பாடங்கள் கைப்பேசி வழியே வந்தன. 2023-இல் மணற்கேணிச் செயலி வந்தது. யாவும் நல்லவை, வரவேற்கிறோம். ஆனால் எல்லாவற்றிலும் பேசுவது பெரியவர், கேட்பது பிள்ளை. ஒருவழிப் பாதை! மற்றொரு வழியையும் திற என்பதே நம் கோரிக்கை.

தில்லியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் பேனாவே என்னை மன்னிக்காது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஐந்தாம் வகுப்பு வரையேனும் வீட்டு மொழியிலே கற்பியுங்கள் என்று தாளிலே எழுதிற்று. தேன் தடவிய தாள்! அதே கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பதற்காக, ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்திலே 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு உரிய 2,152 கோடி ரூபாயைத் தடுத்து நிறுத்தினார்கள். தாய்மொழி மீது கொண்ட காதலால்தான் தாயின் கழுத்தை நெரித்தார்களோ? மூன்றாவது மொழியொன்றைக் கற்கும் நேரத்திலே, எங்கள் பிள்ளை மூன்று நூறு கணக்குச் சொற்களைத் தன் மொழியிலே பேசிப் பழகுவான். எது அவனைப் பொறியாளனாக்கும்? நெய்வேலி மண்ணின் பிள்ளைக்கு நெய்வேலியிலேயே வேலை வேண்டும் என்று முழங்குகிறோமே, அந்த முழக்கத்துக்கு எது வலு சேர்க்கும்? 1968 சனவரி 23-இல் அண்ணா இருமொழித் தீர்மானத்தை நிறைவேற்றினார். 2010-இல் கலைஞர் பொறியியலைத் தமிழ் வழியில் கற்க வழி திறந்தார். தமிழ் வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமைக்குச் சட்டம் செய்தார். சட்டம் கதவைத் திறக்கும். நடந்து உள்ளே போகக் கால் வேண்டும். அந்தக் கால்தான் சொல்.

தில்லியை ஏசிவிட்டுத் தூங்கிவிடலாமா? கூடாது. 2012-13-இல் அ.தி.மு.க. ஆட்சி அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைப் பரவலாகத் திறந்தபோது, ஓடிப்போய் வரிசையிலே நின்றவர்களில் நம்மவரும் உண்டல்லவா? மேடையிலே "தமிழுக்கு உயிர்" என்று முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மகளைப் பார்த்து, "கணக்கையாவது ஆங்கிலத்தில் படி அம்மா" என்று கெஞ்சும் தோழர்கள் நம் வட்டத்திலேயே உண்டல்லவா? அவர்களை நான் பழிக்கவில்லை. பிள்ளையின் வருங்காலம் பற்றிய கவலை அது. கவலைக்கு மருந்து வசையன்று, சான்று! தமிழிலே கணக்குப் பேசும் பிள்ளையின் குரலைக் கேட்கட்டும், தெளிவு தெரியட்டும், அச்சம் தானே விலகும்.

கணக்கிலே மாறி என்றும் மாறிலி என்றும் இரு சொல் உண்டு. மதிப்பு மாறிக்கொண்டே இருப்பது மாறி, என்றும் நிலைத்திருப்பது மாறிலி. கட்சி மாறிகளை நாம் நிறையப் பார்த்துவிட்டோம்! நம் கருவிகள் மாறிகளாக இருக்கட்டும். நேற்று ஒலிபெருக்கி, இன்று வலையொலி, நாளை வேறொன்று. நம் கொள்கை மாறிலியாக இருக்கட்டும்: அறிவு எல்லார்க்கும் பொது, அது அவரவர் மொழியிலே.

1935-இல் பெரியார் எழுத்துகளைச் சீர்திருத்தி அச்சேற்றினார். 1978-இல் அரசு அதை ஏற்றது. நாற்பத்து மூன்று ஆண்டுகள்! ஆனால் அந்த நாற்பத்து மூன்று ஆண்டுகளும் நாம் அரசாணைக்காகக் காத்திருக்கவில்லை. நம் ஏடுகளிலே அந்த எழுத்தையே அச்சிட்டோம். இப்போதும் அப்படியே செய். உன் ஊரிலே படிப்பகம் இருக்கிறதல்லவா? அங்கே நாளேட்டுக்குப் பக்கத்திலே ஒரு கைப்பேசியை வை. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கு. தெருப் பிள்ளைகளை அழை. வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளை அழை. சாலையின் அந்தப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து கட்டாயம் அழை. ஒரு சொல்லைக் கொடு. பேசச் சொல். நீ பேசாதே! பேசிப் பழகிய நமக்கு இதுதான் கடினமான கட்டளை என்பது எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் வாய் மூடிக் கேள்.

சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் 1965 சனவரி 27-இல் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டியது, சுவரொட்டியிலே தமிழ் இருக்கட்டும் என்பதற்காக மட்டுமா? சமன்பாட்டிலும் சாய்விலும் சராசரியிலும் அது உயிரோடு இருக்கட்டும் என்பதற்காகவும்தான். நெய்வேலியிலிருந்து சிதம்பரம் நெடுந்தொலைவில் இல்லை, தோழனே.

அடுத்த ஞாயிறு உன் படிப்பகத்துக்கு வருகிற பிள்ளையிடம் முதல் கேள்வியாக இதைக் கேள்: "வட்டம் என்றால் என்ன, அம்மா?" அவள் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாக இரு.